முறைக்கு நின்றவன்

போன மாதம் ஈப்போ நீதிமன்றக் காண்டீனில் ஓர் இளம் வக்கீல் என் எதிரே உட்கார்ந்து தோசையைப் பிய்த்துக்கொண்டே சொன்னான்: "பத்து நிமிஷ வேலைதான் லா சார். ஆளு ஒத்துக்கிட்டான், கையெழுத்தும் போட்டுட்டான். அதுக்கு மேல பேசறதுக்கு என்ன இருக்கு?"

நான் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறவன். பழக்கதோஷத்தில் அந்தக் காண்டீனுக்குக் காப்பி குடிக்கப் போகிறேன், அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டு குடித்துவிட்டு வந்திருக்கலாம். முடியவில்லை.

"எதுக்கு ஒத்துக்கிட்டான்னு கேட்டியா?" என்றேன்.

அவன் சிரித்தான். "செஞ்சான், ஒத்துக்கிட்டான். இதுல எதுக்குன்னு கேக்க என்ன சார் இருக்கு?"

எனக்கு அப்படியே உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன். மறுநாள் அவனே வீட்டுக்குப் போன் செய்தான். "சார், கோச்சுக்காதீங்க. அப்படி என்னதான் நடந்துச்சு, எழுதிக் குடுங்களேன், நாங்க படிக்கிறோம்" என்றான். நல்ல பையன்தான். அவனுக்காகத்தான் இதை எழுதுகிறேன். படித்த பிறகும் அவன் பத்து நிமிஷத்தில் கேஸை முடித்தால் அவனை நான் சும்மா விடுவதாக இல்லை.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அப்பா கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிராணி. தோட்டத்து ஆபீஸின் தலைமைக் குமாஸ்தா. என்னை லண்டனுக்கு அனுப்பினார். அங்கே குளிரில் நடுங்கிக்கொண்டே சட்டம் படித்தேன். திரும்பி வந்து ஈப்போவில் ஒரு பெரிய வக்கீலிடம் ஃபைல் தூக்கித் தொழில் பழகினேன். யுத்தம் முடிந்த பிறகு அரசாங்கத்தில் சேர்ந்து, என் தொழில் காலத்தில் பாதியை அரசு தரப்பு வக்கீலாகக் கழித்தேன். மீதியில் வெளியே வந்து தனியாகத் தொழில் செய்தேன். அதாவது, முதலில் ஆட்களை உள்ளே தள்ளினேன், அப்புறம் வெளியே இழுத்தேன். இரண்டு பக்கமும் நின்றவன் என்பதால் இரண்டு பக்கத்தாருமே என்னை முழுசாக நம்பவில்லை.

அரசாங்கத்தில் இருந்தபோது ஒரு லாரிக் கிளீனர் என் முன்னால் வந்தான். ஆளை ஏற்றிக் கொன்றது நான்தான் என்று ஒத்துக்கொண்டிருந்தான். கேஸ் கையில் பழம் மாதிரி விழுந்திருந்தது. நான் நீதிபதியிடம் கொஞ்சம் அவகாசம் கேட்டு, அவனைக் கோர்ட் வாசலுக்குக் கூட்டிப்போய் அதே லாரியில் ஏற்றி, எடு பார்ப்போம் என்றேன். அவனுக்கு வண்டியைக் கிளப்பவே தெரியவில்லை. முதலாளி மகன் ஓட்டியிருக்கிறான். என் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, உனக்குச் சம்பளம் கேஸ் ஜெயிக்கவா தோற்கவா என்று கேட்டார். உண்மை தெரிந்துவிட்டது, இதில் யார் தோற்றது என்று கேட்டேன். அதற்குப் பிறகு எனக்குப் பதவி உயர்வு மெதுவாகத்தான் வந்தது.

இந்தப் புத்தி எனக்குப் பிறவியில் வந்ததில்லை. ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில், கேமரன் மலையிலுள்ள தானா ராத்தாவில், ஒரே ஒரு கேஸில் வந்தது. அதை இதுவரை நான் யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை.

ஜப்பான்காரன் வந்தபோது ஈப்போவில் அரிசியும் இல்லை, கேஸும் இல்லை. அப்பா இருந்த தோட்டத்துக்கு மலையேறிப் போனேன். அது தானா ராத்தாவுக்கு வடக்கே, கோலா தெர்லா தாண்டிக் கம்போங் ராஜா போகிற பக்கத்தில் இருந்தது. வெள்ளைக்கார துரை ஓடிவிட்டார். ஜப்பான்காரர்கள் அப்பாவை வைத்தே தோட்டத்தை ஓட்டினார்கள். பாதி மலையில் தேயிலை கவாத்து இல்லாமல் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. மீதிப் பாதியைத் தோண்டி மரவள்ளி நட்டிருந்தார்கள். காலையும் மாலையும் மரவள்ளி. நல்ல நாள் என்றால் அதில் உப்பு.

லண்டனில் படித்தவன் ஒருத்தன் தோட்டத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்று யாரோ சொல்லிவிட, ஒரு லாரி வந்து என்னை ஏற்றிக்கொண்டு போனது. தானா ராத்தா நீதிமன்றத்தில் அரசு தரப்பு வக்கீல் என்று உட்கார வைத்தார்கள். மறுத்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கோழித் திருட்டு, குடித்துவிட்டுச் சண்டை, அனுமதி இல்லாமல் அரிசி கடத்தியது, இவைதான் வழக்குகள். பெரிய குற்றம் எல்லாம் ராணுவத்துக்குப் போய்விடும். அங்கே வக்கீல் கிடையாது, வழக்கும் கிடையாது.

எங்கள் மாஜிஸ்திரேட் ஒரு மலாய்க்காரர். துவான், அதாவது ஐயா, ஜமாலுதீன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரைப் போல நிதானமான மனிதரை நான் பிறகு எந்த உயர் நீதிமன்றத்திலும் பார்த்ததில்லை. உட்கார்ந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் கவிழ்த்து வைப்பார். குரல் அவ்வளவு மெல்லியது, கேட்க வேண்டுமானால் எல்லாரும் குனிய வேண்டும். குற்றத்தை ஒத்துக்கொண்டவனிடம் அவரே நேரில் கேட்பார்: உன்னை யாராவது அடித்தார்களா, யாராவது ஏதாவது தருவதாகச் சொன்னார்களா, இதைச் சொன்னால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியுமா. ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வந்த பிறகு, முகத்தைப் பார்க்காமல் அந்த ஆளின் கையையே கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகுதான் பேனாவை எடுப்பார். திருப்தி இல்லையென்றால் பேனா எடுக்கப்படாது. கோழித் திருடனுக்கும் இதே மரியாதைதான்.

அவருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் ஜப்பானிய ராணுவ அதிகாரி உட்கார்ந்திருப்பார். எந்த வழக்கிலும் வாயே திறக்க மாட்டார். கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே மூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு மலாய் தெரியுமா என்பதுகூட எங்களுக்குத் தெரியாது.

அப்படி ஒரு நாள் என் மேஜைக்கு வந்த காகிதத்தில் எங்கள் தோட்டத்துப் பெயர் இருந்தது. ராணுவ முகாமுக்குப் போகும் டெலிபோன் கம்பியில் ஒரு துண்டை யாரோ வெட்டி எடுத்திருக்கிறார்கள். சடையன் என்கிற தோட்டத் தொழிலாளி ஒத்துக்கொண்டு விட்டான். மாஜிஸ்திரேட் முன்னால் அதை உறுதி செய்ய வேண்டியது, அதன்பின் ஆள் ராணுவத்துக்கு. டெலிபோன் கம்பியை வெட்டினால் காட்டில் ஒளிந்து ஜப்பானை எதிர்த்துச் சண்டை போடுகிறவர்களுக்கு உதவியதாக அர்த்தம். அதற்கு ஒரே தண்டனைதான். அது என்ன என்று தானா ராத்தாவில் எல்லாருக்கும் தெரியும்.

சடையனை எனக்குத் தெரியும். முப்பது வயது இருக்கும். பெண்டாட்டி அஞ்சலை, இரண்டு குழந்தைகள். காட்டுக்காரர்களோடு அவனுக்கு என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவே இல்லை. போலீஸ் லாக்கப்புக்குப் போனேன். வாங்கின அடியில் ஒரு கண் மூடிக்கிடந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான்.

"வாங்க சின்னையா. கிராணியய்யா நல்லாருக்காங்களா?"

"இருக்காரு. நீதான் கம்பியை வெட்டுனியா?"

"ஆமாங்க."

"எங்க வெட்டுன?"

"போலீசு எந்த எடம்னு எழுதியிருக்காங்களோ, அங்கதாங்க."

"எதால வெட்டுன?"

"அதையும் அவங்களே எழுதிக்கிட்டாங்க."

"சரி, எதுக்கு வெட்டுன?"

கொஞ்சம் யோசித்தான். என்னை ஏமாற்றக் கூடாது என்கிற அக்கறை அவன் முகத்தில் இருந்தது. "அது எனக்குத் தெரியாதுங்களே சின்னையா. வெட்டுனவனைத்தான் கேக்கணும்."

"அப்ப நீ வெட்டலையா?"

"என் வீட்டு முறைங்க" என்றான் அவன், எல்லாருக்கும் தெரிந்ததைச் சொல்கிற மாதிரி. "வெள்ளனே விட்டுருவாங்களா? புல்லு வெட்டற வேலை பாதியில கெடக்கு."

முறை என்றால் என்ன என்று அந்தத் தோட்டத்திலேயே வளர்ந்த எனக்குத் தெரியவில்லை. நான் கிராணி பங்களாவில் வளர்ந்தவன், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் இல்லை. அப்பாவிடம் போய்க் கேட்டேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்.

"அது லயத்து வழக்கம்ப்பா. மம்பட்டி காணாமப் போயிரும், கூடை ஒடஞ்சிரும், செடியைத் தப்பா வெட்டிப்புடுவாங்க. தொரை காலையில பெரட்டுல எல்லாரையும் நிக்க வச்சு, யாருடா அதுன்னு கத்துவாரு. வீட்டு வரிசைப்படி யாரு முறையோ அவன் முன்னாடி வந்து நான்தாங்கன்னுருவான். தொரை அவனைத் திட்டிப்புட்டு அரைநாள் கூலியப் புடிப்பாரு. அதோட முடிஞ்சுது. செஞ்சவன் யாருன்னு லயத்துல யாரும் கேக்க மாட்டாங்க. அடுத்த தடவை அடுத்த வீடு."

"தொரைக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? அவருக்கு ஒரு ஆளு வேணும், வந்துட்டான். அந்த ஆளுதானான்னு அவரு எதுக்குப் பாக்கப் போறாரு?"

"இப்ப கேட்டது தொரை இல்லப்பா. ஜப்பான்காரன்."

அப்பாவுக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது என்று நினைக்கிறேன். ஜப்பான் அதிகாரி, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் வந்து நின்று கம்பியின் நுனியைத் தூக்கிக் காட்டி யார் என்று கேட்டபோது அப்பாவும் அங்கேதான் இருந்திருக்கிறார். சடையன் முன்னால் வந்ததைப் பார்த்திருக்கிறார். அவருக்கும் அது இன்னொரு மம்பட்டியாகத்தான் தெரிந்திருக்கிறது. உட்கார்ந்த நாற்காலியிலிருந்து அவர் வெகுநேரம் எழவில்லை.

நான் லயத்துக்கு ஓடினேன். ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். மத்தியானம் வேலை விட்டு ஆட்கள் வந்திருந்தார்கள். பெரியசாமிக் கங்காணி தலைமையில் எல்லாரும் கூடினார்கள். யாருடைய முகத்திலும் பெரிய கவலை இல்லை. சடையனுக்கு அடுத்த வீட்டில் வீராயி என்கிற கைம்பெண் இருந்தாள். தேயிலை எடுப்பவள், வயது நாற்பதுக்கு மேல். அவள்தான் முதலில் கேட்டாள்.

"எத்தன நாளு கூலியப் புடிப்பாங்களாம் சின்னையா?"

"கூலி இல்லம்மா. தலையை எடுத்துருவாங்க."

யாரோ ஒருவர் சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருக்கிறார். சடையன் பெண்டாட்டி அஞ்சலை மடியில் குழந்தையோடு படியில் உட்கார்ந்திருந்தாள். அவளும் கொஞ்சம் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்தபின்தான் ஒவ்வொருவராக அடங்கினார்கள்.

"ஒரு மொழக் கம்பிங்க" என்றார் கங்காணி. "காட்டுப்பன்னி மரவள்ளியத் தோண்டுது. கண்ணி வைக்க எவனாச்சும் எடுத்திருப்பான். பன்னிக்கு வைக்கிற கண்ணிக்கு மனுசன் தலையா?"

"அவனுக்கு அது கண்ணி இல்ல கங்காணி. அவனுக்கு அது யுத்தம்."

அஞ்சலை எழுந்து வந்து என் முன்னால் நின்றாள். அழவில்லை. அவளுக்கு இன்னும் அதை நம்ப முடியவில்லை. "அவரு செய்யலைங்க. இங்க எல்லாருக்கும் தெரியுமே. நீங்க போயிச் சொல்லிருங்க, விட்டுருவாங்க" என்றாள்.

"நான் சொன்னா போதாது, அவன் சொல்லணும். அவன் இல்லேன்னு சொன்னா வேற யாரும் முன்னாடி வரக்கூடாது. முறை கிறை எல்லாம் இன்னையோட நின்னுபோகணும்" என்றேன். "செஞ்சவன் யாருன்னு நானும் கேக்க மாட்டேன்."

கங்காணி எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அந்த வழக்கம் அவருடைய அப்பா காலத்திலிருந்து இருக்கிறது. அதை நிறுத்துகிறேன் என்று சொல்ல அவருக்கு எச்சில் விழுங்க வேண்டியிருந்தது. "சரிங்க சின்னையா. இனிமே முறை இல்ல. எவனும் நிக்க மாட்டான், நான் சொல்றேன்" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். வீராயியும் ஆட்டினாள்.

மாஜிஸ்திரேட்டைத் தனியாகப் பார்த்தேன். குற்றம் சாட்டுகிற வக்கீலே வந்து இந்தக் குற்றத்தை நான் நம்பவில்லை என்று சொன்னது அவருக்குப் புதிது. நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, தன் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். "என் அறையில் சொன்னால் எனக்குப் பிரயோஜனம் இல்லை. அந்த நாற்காலிக்காரர் கேட்கும்படி கோர்ட்டில் காரணம் கொடுங்கள். காரணம் இருந்தால் நான் பேனாவை எடுக்க மாட்டேன்" என்றார். அவர் குரல் வழக்கத்தைவிட மெலிந்திருந்தது. அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள்.

லாக்கப்பில் சடையனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தலை போகும் என்றதும் அப்படியே என்னைப் பார்த்தான். அந்த ஒற்றைக் கண்ணில் பயம் ஏறுவதைப் பார்த்தேன். அவன் ஒன்றும் மகான் இல்லை, சாகத் தயாராக இருந்தவனும் இல்லை. உதடு நடுங்கியது. குழந்தைகள் பெயரைச் சொன்னான். அப்புறம் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டான்.

"நான் இல்லேன்னா அடுத்த வீடு வருமேங்க?"

"வராது. முறை நிறுத்தியாச்சு."

"கங்காணியே சொன்னாரா?"

"எல்லார் முன்னாடியும் சொன்னாரு."

நீளமாக மூச்சு விட்டான். "அப்ப இல்லேன்னு சொல்லிடறேங்க" என்றான்.

வழக்கு நாளன்று கங்காணியையும் லயத்து ஆட்கள் சிலரையும் சாட்சிக்கென்று லாரியில் கொண்டுவந்து பின் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். வீராயியும் வந்திருந்தாள். அஞ்சலையை நான்தான் வரவேண்டாம் என்று சொல்லியிருந்தேன். வெளியே மூட்டம் இறங்கி எதிரே இருந்த கடைகள்கூடத் தெரியவில்லை. மாஜிஸ்திரேட் கடிகாரத்தைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தார். அதிகாரி கையுறையைக் கழற்றினார்.

மாஜிஸ்திரேட் வாக்குமூலத்தை முழுவதும் தானே வாசித்தார். வாசித்துவிட்டு, இது உண்மையா என்று கேட்டார். சடையன் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, "நான் வெட்டலைங்க துவான்" என்றான். அதிகாரி ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினார்.

நான் எழுந்தேன். கம்பி எந்த இடத்தில் வெட்டப்பட்டது என்று சடையனைக் கேட்டேன். தெரியாது என்றான். கம்பத்தின் மேலேயா கீழேயா? தெரியாது. பிறகு அந்தக் கம்பியைப் பார்த்த போலீஸ்காரரைக் கூண்டில் ஏற்றினேன். எப்படி வெட்டப்பட்டிருந்தது என்று கேட்டேன். குறடால் வெட்டின மாதிரி சுத்தமாக இருந்தது என்றார். சடையன் வீட்டைச் சோதனை போட்டீர்களே, என்ன ஆயுதம் இருந்தது? ஓர் அரிவாள். குறடு? இல்லை. வாக்குமூலத்தில் என்ன எழுதியிருக்கிறீர்கள்? அரிவாள் என்று. அரிவாளால் வெட்டினால் கம்பி அப்படி இருக்குமா? அவர் மாஜிஸ்திரேட்டைப் பார்த்தார், அதிகாரியைப் பார்த்தார், கடைசியில் தரையைப் பார்த்து, இருக்காது என்றார். பாவம், நேர்மையான மனிதர்.

மாஜிஸ்திரேட் சடையன் கையை ரொம்ப நேரம் பார்த்தார். பேனாவை எடுக்கவே இல்லை. "இந்த ஆளுக்கு அந்தக் கம்பியைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. இவனை விடுதலை செய்கிறேன்" என்றார். அந்த வாக்கியத்தை மட்டும் அவர் கொஞ்சம் உரக்கச் சொன்னார். அதற்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும் என்று அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்.

கங்காணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அஞ்சலைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று அந்த நிமிஷமே வெளியே போய், கம்போங் ராஜா பக்கம் கிளம்பிக்கொண்டிருந்த காய்கறி லாரியில் தொற்றிக்கொண்டார். சடையன் கூண்டிலிருந்து இறங்கினான். என்னைப் பார்த்துக் கும்பிட்டான். எனக்குக் கர்வமாக இருந்தது, சொல்வதற்கு என்ன வெட்கம். ஜப்பான்காரன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க ஒரு தலையை மீட்டிருக்கிறேன் அல்லவா?

அப்போது அந்த அதிகாரி எழுந்தார். எங்கள் யாரையும் பார்க்கவில்லை. பின் பெஞ்சைப் பார்த்து, முதல் தடவையாக வாயைத் திறந்தார். மலாய் சுத்தமாகவே வந்தது.

"புக்கான் டியா. சியாப்பா?"

இவன் இல்லை. அப்படியானால் யார்?

அந்தக் கேள்வியை லயத்து ஜனங்கள் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறார்கள். துரை மாறினாலும் கேள்வி மாறாது. யார் என்று ஒருவன் அதட்டினால் முறைக்காரன் எழ வேண்டும். நிறுத்தியாச்சு என்று கங்காணி சொன்னது காதில் ஏறியிருக்கலாம். காலில் ஏறவில்லை. வீராயி எழுந்து நின்றாள்.

யோசித்து எழுந்தாள் என்று நான் நினைக்கவில்லை. எழுந்த பிறகுதான் தான் எழுந்திருக்கிறோம் என்றே அவளுக்குத் தெரிந்தது. முகம் வெளுத்துப்போய்விட்டது. ஆனால் உட்காரவில்லை. வாய் தானாகவே, "அடுத்த வீடு என்னுதுங்க" என்றது.

நான் பேச வேண்டும், எதையாவது சொல்ல வேண்டும், இது லயத்து வழக்கம், இந்தப் பெண் கம்பத்தில் ஏறிக் கம்பி வெட்டுவாளா என்று கேட்க வேண்டும். ஒன்றையும் நான் கேட்கவில்லை. சிப்பாய் ஒருவன் அவளை நோக்கி நடந்தான்.

சடையன் வாசல் பக்கம் போயிருந்தவன், திரும்பினான். அவன் நடந்து வந்தது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. ஓடவில்லை, தயங்கவும் இல்லை. வேலைக்காட்டில் விட்டுவந்த அரிவாளை எடுக்கத் திரும்புகிறவன் நடை அது. வீராயியிடம் வந்து அவள் தோளை மெதுவாக அழுத்தினான்.

"நீ உக்காருக்கா. என் முறை இன்னும் முடியல."

பிறகு கூண்டில் தானே ஏறிக்கொண்டான். "சாயா, துவான்" என்றான். நான்தான் ஐயா.

நேற்று உதடு நடுங்கியவன் அவன்தான். தலை போகும் என்று தெரிந்தவன் அந்தக் கூடத்தில் லயத்து ஆட்களில் அவன் அளவுக்கு வேறு யாரும் இல்லை, ஏனென்றால் லாக்கப்பில் அவனுக்கு ஒவ்வொன்றாக அதை விளக்கிச் சொன்னவன் நான்.

மாஜிஸ்திரேட் எழுந்து நின்றுவிட்டார். "இந்த ஆளை நான் விடுதலை செய்திருக்கிறேன்" என்றார். இன்னொரு தடவையும் சொன்னார். அதிகாரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் கூண்டுக்கும் சிப்பாய்க்கும் நடுவில் போய் நின்றேன். அது தைரியம் இல்லை, எனக்கு அப்போது புத்தியே இல்லை. துப்பாக்கிக் கட்டையால் ஓர் இடி. தரையில் கிடந்தபடி வாயிலிருந்து ரத்தம் பலகையில் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லாரி கிளம்பும் சத்தம் கேட்டது. தாப்பா போகும் மலைப்பாதையில் எங்கோ ஒரு வளைவில் அதை முடித்தார்கள் என்று பிறகு சொன்னார்கள். உடம்பு கிடைக்கவில்லை.

சட்டப்படி நான் அந்த வழக்கில் ஜெயித்தேன். கேட்டால் சிரிப்பீர்கள். நீதிமன்றக் கணக்கில் சடையன் விடுதலையான ஆள். இந்தத் தொழிலில் இவ்வளவு காலம் இருந்தும் அதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. நான் செய்தது சரி, இன்றைக்கும் அதையேதான் செய்வேன். சரியானதைச் செய்து முடித்த அதே நிமிஷத்தில் ஒரு மனிதன் கண்ணெதிரே சாவுக்கு நடந்துபோக முடியும் என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித்தரவில்லை. தம்பி, நீ பத்து நிமிஷம் என்கிறாயே, அவன் எதற்கு ஒத்துக்கொண்டான் என்று தெரியாமல் உன்னால் அவனைத் தண்டிக்கவும் முடியாது, காப்பாற்றவும் முடியாது.

காதர் பாய் என்று தானா ராத்தாவில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தவர் என் வாயைக் கழுவிவிட்டு, தோட்டத்துப் பக்கம் போகிற வண்டி ஒன்றில் என்னையும் வீராயியையும் ஏற்றிவிட்டார். வழி முழுக்க அவள் தன் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

லயத்தில் கூட்டமாக நின்றிருந்தார்கள். விடுதலை என்று கங்காணி எல்லாருக்கும் சொல்லி முடித்திருந்தார். அஞ்சலை குழந்தைகளுக்கு முகம் கழுவித் திருநீறு பூசி வாசலில் நிறுத்தியிருந்தாள். உள்ளே அடுப்பில் மரவள்ளி வெந்த வாசனை வந்தது. அன்றைக்கு எங்கேயோ கடன் வாங்கி உப்பும் மிளகாயும் சேர்த்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தாள். என் உதடு வீங்கியிருந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. எங்களுக்குப் பின்னால் பாதையை எட்டிப் பார்த்தாள்.

"வாங்க சின்னையா. அவரு பின்னால வர்றாருங்களா?"

பேசிப் பிழைக்கிறவன் நான். வீராயிதான் வாயைத் திறந்தாள்.

"எனக்குப் பதிலா போயிட்டான்டி அஞ்சல. இனிமே வர மாட்டான்."

அஞ்சலை அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவள்மேல் பாய்ந்தாள். இரண்டு கையாலும் முகத்திலும் மார்பிலும் தோளிலும் அடித்தாள். சத்தம் போடாமல் அடித்தாள். வீராயி கையைத் தூக்கித் தடுக்கவில்லை, நின்று வாங்கிக்கொண்டாள். யாரும் விலக்கப் போகவில்லை. நானும் போகவில்லை. கை ஓயும் வரைக்கும் அடித்துவிட்டு, அஞ்சலை வீராயியின் சேலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். அவள் முகத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"காலையிலேர்ந்து ஏதாச்சும் சாப்பிட்டியாக்கா?" என்று கேட்டாள்.

இல்லை என்று வீராயி தலையசைத்தாள். அஞ்சலை அவளை உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்து, சடையனுக்கு எடுத்து வைத்திருந்ததைத் தட்டில் போட்டு அவள் முன்னால் வைத்தாள்.